வீட்டிலேயே பெர்சியன் லேயர் கேக்: பன்னீர், குங்குமப்பூ, பிஸ்தா வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிறந்தநாள் என்றால் பிளாக் ஃபாரஸ்ட், கல்யாண நாள் என்றால் பட்டர்ஸ்காட்ச் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, “இதே மாதிரி ரோஸ், பிஸ்தா எல்லாம் வெச்சு ஒரு கேக் ஆகுங்களா?” என்று கேட்கிறார்கள். ‘பெர்சியன் லவ் கேக்’ என்ற பெயரில் சுற்றி வரும் கேக்தான் அது. பார்க்க அழகு. பன்னீர், ஏலக்காய், குங்குமப்பூ மூன்றும் சேர்ந்த வாசம் வேறு.

அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருப்பூர் என்று பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதி இது. கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் போட்டுப் பார்ப்பவர்களுக்கும், அதையே ஒரு சிறு வருமானமாக்க நினைப்பவர்களுக்கும் இந்த கேக் மேல் ஒரு கண் இருக்கும். ஆனால் இது செலவு பிடிக்கும் கேக். பாதாம், பிஸ்தா, குங்குமப்பூ எல்லாமே விலை கூடிய சாமான்கள். ஒருமுறை சொதப்பினாலே கையைக் கடிக்கும். அதைவிட முக்கியம், இதில் சேரும் பன்னீரிலும் ரோஜா இதழிலும் நிறத்திலும் உடம்புக்கு ஆகாத சங்கதிகள் உள்ளே வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் இதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஏனுங்க, இது நெசமாவே ஈரான் கேக்குங்களா?

முழுக்க இல்லை. இளவரசனைக் காதலித்த ஒரு பெண், அவன் மனதைக் கவர்வதற்காகச் சுட்ட கேக் இது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இந்தப் பெயரும் இந்த அடுக்கு வடிவமும் ஈரானின் பழைய சமையலில் இருந்து வந்தவை அல்ல. பாரசீக வாசனைப் பொருட்களை எடுத்து மேற்கு நாட்டு ஸ்பாஞ்ச் கேக்கில் சேர்த்து, சமையல் புத்தகங்களும் இணையமும் பரப்பிய புதுப் பலகாரம் இது.

ஈரானுக்கென்று சொந்தமான கேக்குகள் இருக்கின்றன. யஸ்த் நகரத்தின் பெயரால் ‘கேக் யஸ்தி’ என்று ஒன்று உண்டு. தயிர், ஏலக்காய், பன்னீர் சேர்த்து நம் கப் கேக் அளவில் சின்னச் சின்னதாகச் சுடுவார்கள். கிரீம், அடுக்கு என்று எதுவும் அதில் கிடையாது. நாம் இங்கே செய்யப்போகும் கேக்கின் மாவு அந்தத் தயிர் கேக் வழியில் போகிறது. அடுக்கும் கிரீமும் நம் ஊர் பேக்கரி பாணி. அதனால் விற்பதாக இருந்தால் ‘பெர்சியன் பாணி கேக்’ என்று சொல்வதே நேர்மை.

பேரு புதுசு, வாசம் பழசு

இந்த கேக்கின் முதல் துண்டைச் சாப்பிடும் பலருக்கும் “அட, இது நம்ம கேசரி வாசமாச்சே” என்று தோன்றும். அதில் ஆச்சரியம் இல்லை. பாதாம், பிஸ்தா இரண்டுமே பாரசீகத்தில் இருந்து நமக்கு வந்த சொற்கள். ‘குல்’ என்றால் பூ, ‘ஆப்’ என்றால் தண்ணீர். இரண்டும் சேர்ந்த ‘குலாப்’ என்பது பன்னீர். குலாப் ஜாமூனில் இருப்பது அதுதான். குல்கந்து என்பது பூவும் சர்க்கரையும். அதில் உள்ள ‘கந்து’வும் நம் கற்கண்டில் உள்ள ‘கண்டு’வும் ஒரே வேர். பலூடாகூட ஈரானின் ‘பாலூதே’தான்.

தின்பண்டத்தோடு இது நிற்கவில்லை. நம் கம்பெனிகளில் தைக்கும் பைஜாமா, மேடையில் போர்த்தும் சால்வை, பட்டில் ஓடும் ஜரிகை ஆகிய சொற்களின் வேரும் பாரசீகம்தான். பதிலுக்கு நாமும் ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலக்காய் கடல் தாண்டி அங்கே போயிருக்கிறது. ஆக, இந்த கேக்கில் போடும் சாமான்களில் பாதி நம் அஞ்சறைப் பெட்டிக்கும் பூஜை அறைக்கும் ஏற்கெனவே பழக்கமானவை. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பழகிய பொருள்தானே என்று கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டுவிடுகிறோம்.

பன்னீர் எல்லாம் ஒன்றல்ல

கல்யாண வீட்டில் பன்னீர்ச் சொம்பில் ஊற்றித் தெளிக்கும் பன்னீர், முகத்துக்குப் போடவென்று மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ரோஸ் வாட்டர், சமையலுக்கான ரோஸ் வாட்டர் மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டும் தெளிக்கவும் பூசவும் தயாரிக்கப்பட்டவை. அவற்றில் செயற்கை வாசனையும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனங்களும் இருக்கலாம். வயிற்றுக்குள் போவதற்கென்று அவை செய்யப்படவில்லை.

சமையலுக்கு வாங்கும் பாட்டிலில் உணவுப் பொருள் என்பதற்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். சேர்மானப் பட்டியலையும் படித்துவிடுங்கள். ஈரானின் காஷான் பக்கத்தில் உள்ள கம்சர் ஊரில் ஒவ்வொரு ஆண்டும் மே மாத வாக்கில் ரோஜா இதழ்களைத் தண்ணீரோடு பெரிய செம்புப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்துப் பன்னீர் இறக்குவார்கள். நல்ல ரோஸ் வாட்டர் என்பது அப்படி வடித்ததுதான். ரோஸ் எசென்ஸ் அது இல்லை, பலமடங்கு காட்டமானது. ரோஸ் வாட்டர் 1 டீஸ்பூன் என்று சொன்ன இடத்தில் எசென்ஸை 1 டீஸ்பூன் ஊற்றினால் கேக் சோப்பு மாதிரி மணக்கும். எசென்ஸ் என்றால் 2 சொட்டு போதும்.

கோயில் வாசல் ரோஜா வேண்டாம்

அவிநாசியப்பர் கோயில் வாசலிலும் சந்தையிலும் பன்னீர் ரோஜா தாராளமாகக் கிடைக்கும். அதை கேக் மேல் உதிர்த்துப் படம் எடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாலைக்கும் பூஜைக்கும் விளையும் ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடிப்பது வழக்கம். சாப்பிடும் பயிருக்கான கட்டுப்பாடுகள் அதற்குப் பார்க்கப்படுவதில்லை. தண்ணீரில் அலசினால் எல்லாம் போய்விடும் என்று சொல்ல முடியாது.

வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்த ரோஜா இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இதழ்களைப் பிரித்து, அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், அது கசக்கும். கழுவி, துணியில் பரப்பி, நிழலில் உலர்த்துங்கள். இல்லாவிட்டால் உணவுக்கென்றே விற்கும் உலர்ந்த இதழ்களை வாங்குங்கள். இரண்டும் இல்லையா? பிஸ்தா மட்டும் தூவினாலே போதும்.

சாயம் போகுதா, நிறம் இறங்குதா?

குங்குமப்பூவில் மிகப் பெரும் பங்கு ஈரானில் விளைகிறது. இந்தியாவில் காஷ்மீரின் பாம்போர் பகுதி பெயர் பெற்றது. காஷ்மீர் குங்குமப்பூவுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பூவில் 3 சூலக இழைகள்தான் உண்டு. ஒரு கிலோ சேர்க்க ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூக்களைக் கையால் பறித்துப் பிரிக்க வேண்டும். விலை ஏன் அப்படி என்பதும், கலப்படம் ஏன் நடக்கிறது என்பதும் இதிலேயே புரியும். மக்காச்சோளக் கதிரின் நாரைச் சாயத்தில் தோய்த்து விற்பது பழைய தந்திரம். குசும்பப்பூ இதழைக் கலப்பதும் உண்டு.

அசல்தானா என்று பார்க்க, திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சாயம் போகும் துணியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியும்தானே? அதே சோதனைதான். ஒரு டம்ளர் தண்ணீரில் 3, 4 இழைகளைப் போடுங்கள். போட்ட உடனே சிவப்பாகக் கரைந்து, இழை வெளுத்துப்போனால் அது பூசிய சாயம். அசல் இழையில் இருந்து தங்க மஞ்சள் நிறம் மெதுவாக, பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். இழை அதன் பிறகும் சிவப்பாகவே கிடக்கும். கையால் இழுத்தால் அசல் சட்டென்று ஒடியாது.

குங்குமப்பூவின் நிறத்துக்குக் காரணமான குரோசின் என்ற பொருள் தண்ணீரில்தான் நன்றாகக் கரையும். அதனால் எண்ணெயிலோ நெய்யிலோ போட்டால் வீண். ஈரானியர் செய்வது போல, சிறு உரலில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு பொடித்து, வெதுவெதுப்பான பாலில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். இழையை அப்படியே போடுவதைவிடக் குறைந்த அளவிலேயே நிறமும் மணமும் கிடைக்கும்.

இளஞ்சிவப்பு நிறத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

ரோஸ் கேக் என்றாலே ரோஸ் கலர் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் அதிகக் கவனம் தேவை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும். அதற்குச் சில நாட்கள் முன்பு புதுச்சேரியிலும் தடை வந்தது. பரிசோதித்த மாதிரிகளில் ரோடமின்-பி இருந்ததுதான் காரணம். துணி, காகிதம் போன்றவற்றுக்கு நிறமேற்றும் தொழிற்சாலைச் சாயம் அது. உணவில் அதற்கு அனுமதி இல்லை. சாயப்பட்டறைகளின் ஊரில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. துணிக்குப் போடுவதைத் தட்டில் போடக் கூடாது.

உணவில் சேர்க்க இந்தியாவில் அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் 8 மட்டுமே, அவற்றுக்கும் அளவு உண்டு. பொட்டலமாகக் கட்டி, பெயரில்லாமல் விற்கும் கலர் பொடியை வாங்கவே வேண்டாம். கிரீமுக்கு லேசான ரோஸ் நிறம் வேண்டுமென்றால் பீட்ரூட் சாறு சில சொட்டுகள் போதும். மாவில் சேர்த்தால் சூட்டில் அந்த நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும், கிரீமில் மட்டும் சேருங்கள்.

என்னென்ன வேண்டும்?

6 அங்குல டின் இரண்டுக்கான அளவு இது. முட்டை இல்லாத முறை. முடித்து எடுத்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ கேக் வரும்.

ஸ்பாஞ்ச்: மைதா 150 கிராம், பாதாம் பொடி 50 கிராம், சர்க்கரை 180 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 250 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 90 மி.லி., உருக்கிய நெய் 2 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் 1¼ டீஸ்பூன், சமையல் சோடா ½ டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி ¾ டீஸ்பூன், ரோஸ் வாட்டர் 2 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, குங்குமப்பூ 20 இழை, பால் 3 டேபிள்ஸ்பூன்.

பாகு: சர்க்கரை 50 கிராம், தண்ணீர் 100 மி.லி., ரோஸ் வாட்டர் 1 டீஸ்பூன்.

கிரீம்: விப்பிங் கிரீம் 400 மி.லி., பொடித்த சர்க்கரை 50 கிராம் (கிரீமே இனிப்பாக இருந்தால் வேண்டாம்). மேலே தூவ உப்பில்லாத பிஸ்தா 50 கிராம்.

நெய் ஊத்துக்குளி நெய்யாக இருந்தால் இன்னும் நல்லது. ஏலக்காயோடு சேரும்போது மணம் தூக்கும். அதற்காக எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டு நெய்யோ வெண்ணெயோ மட்டும் சேர்க்க வேண்டாம். கிரீம் கேக் ஃபிரிட்ஜில் இருந்தாக வேண்டும். குளிரில் நெய் உறைந்தால் கேக் கட்டையாகிவிடும். எண்ணெய் உறையாது, கேக் மெத்தென்று இருக்கும்.

முட்டை சேர்ப்பவர்கள் தயிரைப் பாதியாக, அதாவது 125 கிராமாகக் குறைத்து 2 முட்டை சேர்க்கலாம். சோடாவையும் ¼ டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. குங்குமப்பூவை மேலே சொன்னபடி பாலில் ஊறவிடுங்கள். பாதாமை மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்து உருண்டை பிடிக்கும். ஒரு ஸ்பூன் மைதாவைச் சேர்த்து அரைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

2. அவனை 180 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்குங்கள். டின்னில் எண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் போட்டுத் தயாராக வையுங்கள். மாவு கலந்த பிறகு டின்னைத் தேடக் கூடாது.

3. தயிரும் சர்க்கரையும் சேர்த்து, சர்க்கரை கரையும்வரை அடியுங்கள். பேக்கிங் பவுடர், சோடா இரண்டையும் தூவிக் கலந்து 5 நிமிடம் விடுங்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயு கிளம்பும், மேலே நுரை கட்டும். முட்டை இல்லாமலே கேக் எழும்புவதற்கு இதுதான் காரணம்.

4. எண்ணெய், நெய், ரோஸ் வாட்டர், ஏலக்காய், குங்குமப்பூப் பாலில் 2 டேபிள்ஸ்பூன் ஆகியவற்றைச் சேருங்கள். மிச்சம் 1 டேபிள்ஸ்பூன் கிரீமுக்கு.

5. மைதா, பாதாம் பொடி, உப்பைச் சலித்து மூன்று தவணையாகச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். வெள்ளையாக மாவு தெரியாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். பரோட்டா மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் மைதாவின் பசை இறுகி, கேக் ரப்பர் ஆகும்.

6. உடனே இரண்டு டின்களிலும் சமமாக ஊற்றி 28 முதல் 32 நிமிடம்வரை சுடுங்கள். பல்குத்தும் குச்சி சுத்தமாக வெளியே வந்தால் வெந்துவிட்டது. முதல் 20 நிமிடம் கதவைத் திறக்கவே வேண்டாம்.

7. 10 நிமிடம் கழித்து டின்னில் இருந்து எடுத்து, முழுக்க ஆறவிடுங்கள். பாதாம் சேர்ந்த ஸ்பாஞ்ச் சூட்டில் எளிதில் உடையும். ஆறியதும் 1 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, ரம்பப்பல் கத்தியால் ஒவ்வொன்றையும் இரண்டாக அறுங்கள். மொத்தம் 4 அடுக்கு.

8. பாகுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் 2 நிமிடம் கொதித்தால் போதும், கம்பிப் பதம் வேண்டாம். ஆறிய பிறகே ரோஸ் வாட்டர் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் வாசம் ஆவியோடு போய்விடும்.

9. ஒவ்வொரு அடுக்கின் மேலும் 2 டேபிள்ஸ்பூன் பாகு தெளித்து, கிரீம் பரப்பி, பிஸ்தா தூவி அடுக்குங்கள். கடைசியில் சுற்றிலும் கிரீம் பூசி, குறைந்தது 4 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சாப்பிட்டால் ருசி இன்னும் கூடியிருக்கும்.

ஓவன் இல்லாம ஆகாதுங்களா?

ஆகும். அடி கனமான பழைய பாத்திரம் ஒன்றில் ஒரு அங்குலத்துக்குக் கல்லுப்பு அல்லது மணல் பரப்பி, அதன் மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு டின்னை வைத்து, தீயைக் குறைத்து 40 முதல் 45 நிமிடம் விடுங்கள். ஒரு சமயத்தில் ஒரு டின்தான். அதனால் மாவையும் பாதிப் பாதியாகக் கலந்துகொள்ளுங்கள். கலந்த மாவை முக்கால் மணி நேரம் காக்க வைத்தால் வாயு போய் இரண்டாவது கேக் தட்டையாகிவிடும். பிரஷர் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் இப்படிச் சூடாக்குவது குக்கருக்கு நல்லதல்ல, தவிர்த்துவிடுங்கள்.

கிரீம் ஏன் நிற்க மாட்டேங்குது?

இரண்டு காரணம். முதலாவது, வாங்கிய கிரீமே தப்பாக இருக்கலாம். கறிக்கும் பாயசத்துக்கும் ஊற்றும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீத அளவில்தான் இருக்கும். எவ்வளவு அடித்தாலும் நிற்காது. பால் கிரீம் நிற்க வேண்டுமானால் 35 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொழுப்பு தேவை. பேக்கரிகளில் பயன்படும் விப்பிங் கிரீம்களில் பல தாவரக் கொழுப்பில் செய்தவை. சூட்டை ஓரளவு தாங்கும், ஆனால் பால் ருசி இருக்காது. பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் வெயில். பால் கொழுப்பு 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். கோடையில் நம் சமையலறை அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். எனவே பாத்திரம், பீட்டர் கம்பி, கிரீம் மூன்றையும் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவையுங்கள். அகலமான தட்டில் ஐஸ் கட்டி போட்டு, அதன் மேல் கிண்ணத்தை வைத்து அடியுங்கள். குங்குமப்பூப் பாலையும் குளிர்ந்த பிறகே சேருங்கள். கிரீம் பூசும் வேலையை அதிகாலையிலோ இரவிலோ வைத்துக்கொள்வது உத்தமம்.

கிரீம் கேக் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் 1 மணி நேரம்தான் கணக்கு. மதியம் 1 மணிக்கு வண்டியில் அவிநாசியில் இருந்து திருப்பூருக்குக் கொண்டுபோவதாக இருந்தால், ஐஸ் பேக் வைத்த பெட்டி கட்டாயம் வேண்டும்.

விற்கப் போகிறீர்களா?

வீட்டில் இருந்து விற்றாலும் அது உணவு வணிகம்தான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு தேவை. சிறிய அளவில் விற்பவர்களுக்குப் பெரிய உரிமம் வேண்டாம், எளிய பதிவு போதும். ‘ஃபோஸ்கோஸ்’ இணையதளத்தில் அடையாள ஆவணம், புகைப்படத்தோடு விண்ணப்பிக்கலாம்.

இந்த கேக்கில் பாதாம், பிஸ்தா, பால், மைதா நான்கும் ஒவ்வாமை தரக்கூடியவை. ஆர்டர் எடுக்கும்போதே, சாப்பிடப் போகிறவர்களில் யாருக்காவது கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுவிடுங்கள். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும். முட்டை சேர்த்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விதிப்படி முட்டை சேர்ந்த பாக்கெட் உணவுக்குப் பச்சை வட்டக் குறி போட முடியாது. விரதமும் புரட்டாசியும் பார்க்கும் வீடுகள் நிறைந்த ஊரில், இது சட்டத்தைத் தாண்டிய நம்பிக்கை விஷயமும்கூட.

கடைசியாக விலை. பலர் சாமான் செலவோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். கணக்குக்காக ஒரு உதாரணம்: சாமான் 600 ரூபாய், பெட்டியும் அட்டையும் 60, கேஸ், கரன்ட் 40, சேதாரம் 60. இதுவரை 760. உங்கள் உழைப்பு 5 மணி நேரம், மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தாலும் 400. மொத்தம் 1,160 ரூபாய். இதற்குக் கீழே விற்றால் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். பீஸ் ரேட்டில் கைக்கணக்கு வைத்துப் பழகிய ஊர் இது. கேக்குக்கும் அதே கணக்கைப் போடுங்கள்.

முதல் தடவையே 4 அடுக்கு, கிரீம் என்று இறங்க வேண்டாம். பாதி அளவில் ஒரு டின் மட்டும் சுட்டு, பாகு தெளித்து, பிஸ்தா தூவி வீட்டாருக்குக் கொடுத்துப் பாருங்கள். பன்னீர் வாசம் கூடிப்போச்சா, ஏலக்காய் தூக்கலா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். குங்குமப்பூ டப்பாவைத் தாராளமாகத் திறப்பது அதன் பிறகு இருக்கட்டும்.